2008 கேம்ரி 2.4: பத்து மாதம் ஓட்டிய பிறகு சொல்கிறேன்

போன வருஷம் பழைய டொயோட்டா கேம்ரி ஒன்று வாங்கினேன். 2008 மாடல், 2.4 லிட்டர், 23,000 மலேசிய வெள்ளி. செந்தூலில் இருந்து தினமும் ஷா ஆலமுக்கு வேலைக்குப் போய் வருகிறேன், பத்து மாதத்தில் 19,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதில் இருந்து சின்னக் காடியில் (காரில்) காலை மடக்கி ஏற முடியவில்லை, அதனால்தான் பெரிய செடான் தேடினேன். இப்போது பின் சீட்டில் காலை நன்றாக நீட்டிக்கொண்டு வருகிறார், அது ஒன்றுக்காகவே எனக்கு இந்தக் காடி பிடிக்கும். ஆனால் ஒரு கணக்கை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வந்தபோது ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தாண்டி விற்ற காடி இது. விலைதான் இன்றைக்கு மைவி மாதிரி ஒரு பழைய சின்னக் காடி அளவுக்கு இறங்கியிருக்கிறது, ரிப்பேர் செலவு இறங்கவில்லை.

இதற்கு முன்னால் வேறு ஒரு காடிக்கு முன்பணம் கொடுக்கவே போய்விட்டேன். கிள்ளான் பக்கம் ஒரு பழைய காடி விற்கும் இடம், பெயர் வேண்டாம். வெளியே பளபளவென்று பாலிஷ், உள்ளே லெதர் சீட், வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. என்னோடு வந்த ஃபோர்மன் (காடி மெக்கானிக்) அண்ணன் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. பின் சீட் பெல்ட்டைப் பிடித்து அது முடியும்வரை இழுத்தார். கடைசி ஒரு முழத்தில், துணியின் குறுக்கே, தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு. "தம்பி, தண்ணி இதுவரைக்கும் நின்னிருக்கு" என்றார். அப்புறம் ஸ்பேர் டயரைத் தூக்கச் சொன்னார், அடியில் இருந்த குழியின் மூலையில் காய்ந்த வண்டல் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. முன் சீட் தண்டவாளத்தில் துரு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனை காடிகள் கூரைவரை மூழ்கிக் கிடந்தன என்று எல்லாருக்கும் தெரியும். அதெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளத்தில் கிடந்த காடி ஓடும், ஆறு மாதம் நன்றாகவே ஓடும், அதற்குப் பிறகு ஒயரிங் முனைகள் பச்சை பிடித்து ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கும். அந்த ஃபோர்மனுக்குக் கூட வந்ததற்கு 150 வெள்ளி கொடுத்தேன். இந்த விஷயத்தில் நான் செலவு செய்ததிலேயே பயனுள்ள காசு அதுதான்.

சரி, கேம்ரிக்கு வருவோம். வேலை ஓய்வு பெற்ற ஒருவர் நேரடியாக விற்றார், முதல் உரிமையாளர். முந்தின நாள் போனிலேயே, "சார், நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன், இது ஃபோர்மன் சொல்லிக்கொடுத்தது. காலை ஏழு மணிக்குப் போனோம். பொனெட்டில் கை வைத்தால் சில்லென்று இருந்தது, பனி ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள், ஏனென்றால் பழைய எஞ்சினின் சில குறைகள் முதல் பத்து விநாடியில்தான் வெளியே வரும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் கரகரக்கும், வால்வு சீல் போயிருந்தால் அப்போதுதான் சைலன்ஸரில் நீலப் புகை வரும். சூடாகிவிட்டால் இரண்டுமே அடங்கிப்போகும்.

கேம்ரி 2.4-இல் தனியாகப் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயில். இந்த 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினில் பிஸ்டனில் ஆயில் திரும்பும் துளைகள் அடைத்துக்கொண்டு, ரிங் ஒட்டிக்கொண்டு ஆயில் குடிக்கும் பிரச்சினை உலகம் முழுக்கத் தெரிந்தது. அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை வந்த கேம்ரிகளுக்கு இதற்காக டொயோட்டாவே பிஸ்டன், ரிங் மாற்றிக் கொடுக்கும் திட்டம் போட்டது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இதுதான். டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பாருங்கள், கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று கேளுங்கள். மாற்றி 4,000 கிலோமீட்டர் ஆகியும் அளவு மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. நேற்றுத்தான் மாற்றினோம் என்றால் அந்தச் சோதனையே செல்லாது. இந்தப் பெரியவர் ரசீதுகளை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், 2008-இல் இருந்து. என் காடி இதுவரை ஆயில் குடிக்கவில்லை, வாராவாரம் ஞாயிறு காலை பார்க்கிறேன்.

கியர்பாக்ஸைத் தட்டையான ரோட்டில் பார்த்துப் பயனில்லை. நாங்கள் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம்வரை ஓட்டினோம். ஏறும்போது கியர் மாறுகையில் எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி காடி முன்னே போகாமல் இருக்கிறதா, திரும்பி வந்து சூடு உச்சத்தில் இருக்கும்போது ஆர்-இல் (ரிவர்ஸில்) போட்டால் ஒரு உதை விழுகிறதா, இரண்டையும் கவனித்தோம். உதை லேசாக இருந்தது, ஆனால் காரணம் கியர்பாக்ஸ் இல்லை, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங். நின்ற இடத்தில் டி-யில் போட்டு பிரேக்கை மிதித்தபோது ஸ்டியரிங் நடுங்கியதே அதற்குச் சாட்சி.

மூவாயிரம் வெள்ளி தனியாக எடுத்து வைத்துக்கொண்டுதான் வாங்கினேன், அது அப்படியே கரைந்தது. மவுண்டிங், நான்கு அப்சோபர் (அதிர்வு தாங்கி), லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கையின் ரப்பர்), கியர் ஆயில், டயர். டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ரப்பர் கட்டை தேயாமல் நிறைய இருந்தது, ஆனால் பக்கவாட்டில் அச்சடித்திருந்த நான்கு இலக்கம் 1416, அதாவது 2016-இன் 14-ஆவது வாரம். அதை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் 110-இல் போகவே கூடாது.

எர்கோனை, அதாவது ஏசியை, காலையில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், மத்தியான வெயிலில் நிறுத்தி இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். கூலிங் காயில் போயிருந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும், கூலியே நெஞ்சை அடைக்கும்.

கதவு ரப்பரைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் வட்டமாக வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் அது அடிபட்டு வெட்டி ஒட்டிய காடி. பெயர் மாற்றத்துக்கு வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமின் பி5 சோதனையில் பாஸ் ஆகிவிட்டதே என்று விற்கிறவர் சொல்வார். அது வேண்டியதுதான், ஆனால் கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும், எஞ்சின் ஆயில் குடிக்கிறதா என்பதற்கெல்லாம் அந்தத் தாள் பதில் சொல்லாது. கிராண்டில் (காடிப் பதிவுப் பத்திரத்தில்) உள்ள சேஸிஸ் நம்பரை நீங்களே குனிந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

இதே விலையில் நிஸான் தியானாவும் ஹோண்டா அக்கோர்டும் கிடைக்கும். தியானா சீட் கேம்ரியைவிடச் சுகம், சந்தேகமே இல்லை, ஆனால் அது பெரும்பாலும் சிவிடி (பற்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ்), கியர் ஆயில் மாற்றிய ரசீது கையில் இல்லாவிட்டால் நான் தொடமாட்டேன். அக்கோர்டு என்றால் டகாட்டா ஏர்பேக் மாற்றியாகிவிட்டதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஹோண்டாவிடம் கட்டாயம் கேளுங்கள், அந்த ஏர்பேக் வெடித்து நம் நாட்டிலேயே உயிர் போயிருக்கிறது.

கேம்ரியிலேயே 2.0-உம் உண்டு, ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 379 வெள்ளி, 2.4-க்கு 742. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு 2.0 போதும். நான் மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு பினாங்கு போகிறவன், நான்கு பேர், பெட்டி, ஏற்றம், அதனால் இன்றைக்குக் கேட்டாலும் 2.4-தான் எடுப்பேன். பின் இடது ஜன்னல் கண்ணாடி சுவிட்ச் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை, அப்பா உட்காரும் பக்கம் அது. இந்த வாரம் பழைய ஸ்பேர்பார்ட் கடையில் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய காடி) ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார்கள், சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.