புல்லட் சக்கரக் கம்பிகளுக்கு எந்தப் பூச்சு: துத்தநாகமா, குரோமா, எவர்சில்வரா?

திருவொற்றியூர் ஆலையில் 1960-களில் உருவான புல்லட் 350 ஒன்றைப் பிரித்துச் சீரமைத்தபோது, எஞ்சினைவிட அதிகமாக என்னை யோசிக்க வைத்தவை, சக்கரத்துக்கு 40 வீதம் இருந்த 80 போக்ஸ் கம்பிகள்தாம். வெளியே தெரிந்த பகுதியில் துருவும், எவரோ ஒருவர் பூசிய வெள்ளி நிறப் பெயின்டும் மட்டுமே இருந்தன. நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மோடு இறுக்கும் சிறு நட்டை, கழற்றிப் பார்த்தபோதுதான், அதற்குள் மறைந்திருந்த மரையில் மங்கிய சாம்பல் நிற முலாம் அப்படியே எஞ்சியிருப்பது தெரிந்தது. பழைய வண்டியைச் சீரமைப்பவர்கள் கம்பிகளை எடைக்குப் போடுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

ரிம்முக்குக் குரோம், கம்பிக்கு மங்கலான முலாம் என்பது 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இருந்த சேர்க்கை. அந்த மங்கல் பெரும்பாலும் காட்மியத்தாலோ துத்தநாகத்தாலோ வந்தது. காட்மியம் நச்சு உலோகம். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் அது மக்களின் எலும்புகளை உருக்குலைத்த வரலாறு உண்டு. ஒரு மோட்டார் சைக்கிளின் அழகுக்காக அதைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, போட்டி குரோம், எவர்சில்வர், துத்தநாகம் ஆகிய மூன்றுக்கும் இடையில்தான்.

குரோமை முதலில் நானே தேர்ந்தெடுத்து ஏமாந்தேன். பட்டறையிலிருந்து வந்த அன்று சக்கரம் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கைப் போல மின்னியது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள், கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களிலும் ஹப்பில் மாட்டும் வளைவுகளிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. பின்சக்கரத்தில் இரண்டு கம்பிகள் வளைவிலேயே முறிந்தன. காரணம் புரியாத ஒன்றன்று. குரோம் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான் உண்மையான காவல். வண்டி ஓடும்போது கம்பி ஓயாமல் இழுபட்டுத் தளர்வதால் அந்தக் காவலில் நுண்ணிய விரிசல் விழுகிறது. நிக்கல் இரும்பைப் போல எளிதில் அரிக்கப்படாத உலோகம் என்பதால், விரிசலுக்குள் ஈரம் புகுந்தவுடன் முதலில் கரைவது இரும்பாகிவிடுகிறது. வெளியே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே குழி விழுந்துவிடும்.

துத்தநாகத்தின் பக்கம் நான் சாய்ந்ததற்கு இதுவே முதன்மையான காரணம். எந்தப் பூச்சும் ஒரு நாள் கெடத்தான் போகிறது. அது எப்படிக் கெடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். துத்தநாகம் இரும்புக்கு முன்பாகத் தான் கரைவது. சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள முலாம் தன்னைக் கொடுத்து அந்த இடத்தைக் காக்கிறது. முதலில் வெண்பொடியாகப் பூக்கும், பிறகு சீராக மங்கும், சிவப்புத் துரு வர நெடுங்காலம் ஆகும். அந்த மங்கலும் வண்டியிலுள்ள மற்ற முலாம் பூசிய நட்டு, போல்ட்டுகளோடு சேர்ந்தே வருவதால் சக்கரம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. புதிய துத்தநாகத்தின் நீலச் சாயல் முதலில் சற்று உறுத்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிக மெல்லிய எஃகு நாரால் ஒரு முறை லேசாகத் தேய்த்தால் அது அடங்கிவிடுகிறது.

முலாம் பூசக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கறாராகச் சொல்ல வேண்டும். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏறும்போதும் உறுதியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கும். ஆகவே முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். என் குரோம் கம்பிகள் முறிந்ததற்கு இந்தப் படியைத் தவிர்த்ததே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் அந்தக் குற்றத்தைக் குரோமின் மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அடுத்தது தடிமன். கடற்காற்றுக்கு 12 மைக்ரான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஆனால் மரையிலும் அதே தடிமன் ஏறுவதால் நிப்பிள் இறுகும். சக்கரம் கட்டத் தொடங்குவதற்கு முன் நாலைந்து கம்பிகளில் நிப்பிளை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

பராமரிப்பு எளிது, ஆனால் உண்டு. மழையில் ஓடிய வண்டியைத் துடைத்து உலர்த்த வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய்த் துணியால் கம்பிகளை உருவிவிட வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. அமிலமும் காரமும் துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

இந்தப் பாடு எதுவும் வேண்டாம் என்பவருக்கு எவர்சில்வர், பட்டறை மொழியில் எஸ்.எஸ். கம்பி, மறுக்க முடியாத விடை. விலை கூடுதல், துருவோ அநேகமாக இல்லை. எவர்சில்வர் கம்பிக்கு எவர்சில்வர் நிப்பிளே போட்டால் மரை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் என்பதால், நிக்கல் முலாம் பூசிய பித்தளை நிப்பிளும் கொஞ்சம் கிரீசும் தேவை. நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தால் வீசி அதன் பளபளப்பை மங்கலாக்கி, பழைய முலாமுக்கு நெருக்கமாகக் கொண்டுவரவும் முடியும். நண்பர் ஒருவரின் வண்டியில் இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது. நான்கடி தள்ளி நின்றால் எனக்கே வேறுபாடு தெரிவதில்லை. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் வண்டியாக இருந்தால் நானும் அதையே போட்டிருப்பேனோ என்னவோ. என் வண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடுவது. என் தீர்ப்பையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

துத்தநாகம் என்று முடிவு செய்பவர்கள் 80 கம்பிகளோடு நிறுத்தாமல் ஆறேழு கம்பிகளைக் கூடுதலாக அதே தொட்டியில் போட்டு எடுத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்துக்கொள்ளட்டும். பின்னால் ஒன்று முறிந்து தனியாக முலாம் பூசினால், அந்த ஒரு கம்பியின் நிறம் மற்றவற்றோடு ஒட்டவே ஒட்டாது.