விதியா, கன்று மானியமா, மாதிரி வரிசையா? பினாங்கு மலைத்தோட்டங்களுக்கு எது பலன் தரும்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் புலாவ் சரிவுகளில் டுரியான், சாதிக்காய், கிராம்பு வைத்திருப்பவர்களுக்குப் பருவநிலை பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. டுரியான் பூவெடுக்கச் சில வாரம் மண் காய வேண்டும், நடுவில் மழை கொட்டினால் பூ தங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த மழையையும் கண்டவர்கள். சொந்தச் செலவில் சரிவைக் காக்க அவர்களை இறங்க வைப்பது எது என்பதுதான் கேள்வி.

விதி அவசியம். பினாங்கில் 76 மீட்டர் உயரத்துக்கு மேலும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்திலும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மலைநிலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி மரஞ்செடிகளை அழிப்பதை 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டம் வெட்டுகிற கையைத்தான் பிடிக்கும். நடுகிற கையை உண்டாக்காது.

இலவசக் கன்று எல்லாருக்கும் பிடிக்கும். கெடுவது நேரத்தில்தான். ஆண்டுக் கணக்கை முடிக்க டிசம்பரில் கொடுத்தால், ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் வேர் பிடிக்காமல் கருகும். ஏப்ரலிலோ செப்டம்பரிலோ மழை தொடங்கும்போது கொடுக்க வேண்டும். மானியப் பணத்தில் பாதியை நடும்போதும், மீதியை முதல் வறட்சி தாண்டி உயிரோடிருக்கும் கன்றை எண்ணியும் கொடுப்பது நல்லது.

எங்கள் முதல் தேர்வு மாதிரி வரிசை, அதாவது மண் அரிப்பைத் தடுக்கும் செடி வரிசையை ஒரு தோட்டத்தில் நட்டுக் காட்டுவது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சரிவில் வெட்டிவேர் வைத்துக் காட்டினால் போதும், பேச்சு குறையும். 2 மீட்டர் நீளக் கம்பு இரண்டைக் கூரை முகடு போலச் சேர்த்து, குறுக்குக் கட்டை கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால் சமமட்டம் பார்க்கும் கருவி தயார். அந்த மட்டத்தில் 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், இரண்டு மூன்று தூர் சேர்த்து நட வேண்டும். இலையை 20 செ.மீ. அளவுக்கு வெட்டிவிட்டு நடுங்கள். செத்த தூரை உடனே மாற்றாவிட்டால் ஆபத்து: வரிசையில் விழும் ஓட்டை வழியே மொத்த நீரும் பாய்ந்து பள்ளம் பறிக்கும், வரிசையே இல்லாததைவிட அது மோசம்.

இதற்கும் எல்லை உண்டு. வெட்டிவேர் நிழல் தாங்காது. முதிர்ந்த டுரியான் அடியில் மெலிந்து போகும். அங்கே பாண்டான் செடியை வரிசையாக வைக்கலாம். அதன் வேர் மேல்மண்ணைத்தான் பிடிக்கும், ஆனால் இலை விற்கும். எந்தச் செடியானாலும் மண்ணை மரத்தடியில் மேடாகக் குவிக்காதீர்கள். தண்டைச் சுற்றி ஈரம் தேங்கினால் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரால் வரும் அழுகல் பட்டையைத் தின்றுவிடும்; காய்க்கிற மரமே போனால் அந்தத் தோட்டக்காரர் மறுபடி நம் பேச்சைக் கேட்கமாட்டார்.