காட்டின பலகை ஒன்று, வந்து இறங்கியது வேறு: 1,64,000 ரூபாய் போச்சு

பெட்ரூமை ஒட்டின பாத்ரூமைப் புதுப்பிக்கப் போகிறவர்கள், அதிலும் வாஷ்பேசினுக்குக் கீழே அலமாரி, மேலே குவார்ட்ஸ் கல் என்று ஆன்லைனில் ஆர்டர் கொடுக்க நினைக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நேற்று அந்த அலமாரியின் கதவு கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. மாட்டி ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை. நாங்கள் கட்டினது 1,64,000 ரூபாய்.

கம்பெனி பெயர் போடவில்லை. ஆப்பில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் டிசைனரை வீட்டுக்கு அனுப்பி, அளவெடுத்து, ஃபேக்டரியில் செய்து கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கிற வகை. புது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் விளம்பரம் வரும்.

நாங்கள் இருப்பது சென்னையில் மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர், பற்றாததற்கு லாரித் தண்ணீர். குழாய், கண்ணாடி, டைல்ஸ் எதுவாக இருந்தாலும் வெள்ளையாக உப்பு படியும், தேய்த்துத் தேய்த்து எடுக்கணும். அந்த டிசைனர் வந்த அன்றைக்கே இதைச் சொன்னேன். தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், அலமாரி தரையைத் தொடக்கூடாது, கல் கறை பிடிக்கக்கூடாது என்று. தம்பி அவ்வளவு பொறுமையாகக் கேட்டான். அத்தைக்கு முழங்கால் வலி, குனிய முடியாது என்றதும் அவரை நிற்கவைத்து முழங்கை உயரம் அளந்தான். துண்டு வைக்கிற உயரமான அலமாரி ஷவர் பக்கம் வேண்டாம், கதவோரம் இருக்கட்டும் என்று அவனாகவே சொன்னான். அப்புறம் பையிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்தான். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தது, கொதிநீரில் 72 மணிநேரம் போட்டாலும் பசை விடாத பிளைவுட். அதை எங்கள் பக்கெட் தண்ணீரிலேயே போட்டு, “நாளைக்கு எடுத்துப் பாருங்கம்மா, அப்புறம் முடிவு பண்ணுங்க” என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஓரம்கூட உப்பவில்லை. அன்றைக்கே அட்வான்ஸ் போட்டோம். இப்படிக் கண்ணெதிரே சோதித்துக் காட்டுகிறவனை யார் நம்ப மாட்டார்கள்?

அந்தத் துண்டு அசல்தான். வீட்டுக்கு வந்ததுதான் அசல் இல்லை. அலமாரி சுவரில் தொங்கும் என்றார்கள், வந்து மாட்டின ஆட்கள் “சுவர் தாங்காது மேடம்” என்று தரையில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். எல்லாப் பக்கமும் லேமினேட் ஒட்டி வந்ததால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே வழியில்லை. பேசின் குழாய்க்குத் துளை போட்ட இடத்தில் ஓரம் அடைக்காமல் விட்டிருக்கிறார்கள், அங்கிருந்துதான் ஈரம் ஏறியிருக்கிறது. கீழ்ப்பலகை பாலில் ஊறின ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. நேற்று கதவு விழுந்ததும் பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். கீல் திருகு பிடித்திருந்த இடத்தில் நகத்தால் சுரண்டினார், தூள் தூளாகக் கொட்டியது. பார்ட்டிக்கிள் போர்டு, மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்கிற பலகை. பாத்ரூமுக்கு, பேசினுக்குக் கீழே, பார்ட்டிக்கிள் போர்டு!

கல்லும் அப்படித்தான். குவார்ட்ஸ் என்றுதான் கொட்டேஷனில் இருக்கிறது. டாய்லெட் கழுவுகிற திரவம் பிரஷிலிருந்து சொட்டின இடமெல்லாம் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிட்டது. பேசினுக்கு வெட்டி எடுத்த வட்டத் துண்டு பால்கனியில் கிடந்தது, அதைக் கிரானைட் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு சொட்டு ஆசிட் விட்டார், நுரைத்துக்கொண்டு பொங்கியது. குவார்ட்ஸ் இப்படிப் பொங்காதும்மா, இது மார்பிள் தூளைப் பசையில் கலந்து வார்த்த கல் என்றார். இந்த விலைக்கு நல்ல கருப்புக் கிரானைட்டே போட்டிருக்கலாமே என்று அவர் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது.

சரி, கேட்டால் என்ன சொல்கிறார்கள்? உப்ப ஆரம்பித்ததிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் சாட்டில் ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது, பொறுமைக்கு நன்றி’. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், ஆள் வரமாட்டார்கள். டிசைனருக்குப் போன் போட்டால் “அக்கா, நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்ல”. மேனேஜர் என்று ஒருவர் வந்தார், “உங்க பிளம்பர் லீக் வெச்சிருக்காரு” என்றார். பிளம்பரை அனுப்பியதே அவர்கள்தான். அதைச் சொன்னதும் “பாத்ரூம்னா ஈரம் படத்தானே செய்யும் மேடம், தண்ணியால வர்ற சேதத்துக்கு வாரன்ட்டி கிடையாது” என்றார். பாத்ரூம் அலமாரிக்குத் தண்ணீர்ச் சேதம் வாரன்ட்டியில் இல்லையாம்! கல்லுக்கு “ஆசிட் பட்டா எந்தக் கல்லும் அப்படித்தான்”. பில்லை எடுத்துப் பார்த்தால் பிளைவுட், குவார்ட்ஸ் எதுவுமே இல்லை. வேனிட்டி யூனிட் (பேசின் அலமாரி) 1, டால் யூனிட் (உயரமான அலமாரி) 1, கவுன்டர்டாப் (மேல் கல்) 1, அவ்வளவுதான். நேற்று கதவு விழுந்த வீடியோவை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது. இன்று காலை பதில் வந்தது: அடுத்த ஆர்டரில் 5,000 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். 1,64,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கூப்பன் கொடுக்கிறார்கள். என் கணவரின் போனஸும் அத்தை சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பலகை என்ன, ஐஎஸ் எண் என்ன, கல் என்ன, எத்தனை மில்லிமீட்டர் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், கொட்டேஷனில் இருந்தால் போதாது. பேசின் வைக்கிறதுக்கு முன்னால் துளை போட்ட இடத்தில் உள்பக்கத்தைப் பாருங்கள், பிளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தெரியும், தூளாகத் தெரிந்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். கல்லை வெட்டின துண்டைத் தூக்கிப் போடவிடாதீர்கள். வண்டி கிளம்புவதற்கு முன்னால் முழுப்பணமும் கேட்டால் கொடுக்காதீர்கள், எங்களிடம் அப்படித்தான் வாங்கினார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறோம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். இந்த மாதிரி வழக்குப் போட்டுப் பணம் திரும்ப வாங்கினவர்கள் யாராவது இருந்தால், கல் துண்டையும் பலகைத் துண்டையும் எந்த லேபில் கொடுத்துச் சான்று வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். ஆசாரி திங்கட்கிழமை கழற்ற வருகிறார், அதற்குள் தெரிந்தால் நல்லது.