எளிதில் பொருந்தாத கண்ணுக்கு லென்ஸ்: ஆப்டிக்கல் கடையா, கண் மருத்துவமனையா, தனி லென்ஸ் கிளினிக்கா?

கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பு போலப் பிதுங்கும் நோய்), கருவிழி மாற்று செய்த கண், லேசிக்குக்குப் பிறகு பிதுங்கிய கருவிழி, எந்தச் சொட்டு மருந்துக்கும் அடங்காத வறட்சி. இப்படிப்பட்ட கண்ணுக்கு லென்ஸ் போட வேண்டுமென்றால் போவதற்கு மூன்று இடங்கள் உண்டு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையை மட்டுமே செய்கிற தனி லென்ஸ் கிளினிக். அங்கே இருக்கும் மெஷினுக்காக இல்லை, லென்ஸ் கைக்கு வந்த பிறகு நடக்கும் வேலைக்காக.

ஆப்டிக்கல் கடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாதாரண சிலிண்டர் பவருக்கு டோரிக் சாஃப்ட் லென்ஸ் போதும் என்றால் கடையே போதும். ஆனால் சாஃப்ட் லென்ஸ் கருவிழியின் மேல் அப்படியே படிந்துவிடும். கீழே மேடுபள்ளம் இருந்தால் அதே மேடுபள்ளம் லென்ஸிலும் வந்துவிடும். கண்ணாடியில் தெளியாத எழுத்து, பின்ஹோல் (சின்ன ஓட்டை போட்ட தட்டு) வைத்துப் பார்க்கும்போது மட்டும் தெளிந்தால், கருவிழி ஒழுங்கற்றிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அதற்குமேல் கடையில் நேரத்தைக் கடத்தாதீர்கள்.

கண் மருத்துவமனையின் பலம் வேறு. கெரட்டோகோனஸ் கூடிக்கொண்டே போகிறதா என்று டோமோகிராஃபி (கருவிழியின் வடிவத்தையும் தடிமனையும் காட்டும் ஸ்கேன்) எடுத்து ஒப்பிட்டுச் சொல்வதும், நோய் கூடாமலிருக்கக் கருவிழியை இறுக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை தேவையா என்று முடிவெடுப்பதும் அங்கேதான். எந்த லென்ஸும் நோயை நிறுத்தாது, பார்வையைத்தான் சரிசெய்யும். கருவிழி மாற்று செய்த கண்ணில் எண்டோதீலியல் செல்களின் (கருவிழியின் உள்பக்கத்தில் இருந்து அதை வீங்காமல் காக்கும் செல்கள்) எண்ணிக்கையைப் பார்க்காமல், கருவிழி முழுவதையும் மூடும் பெரிய லென்ஸ் போடுவது ஆபத்து. செல் குறைந்த கண்ணுக்கு ஆக்ஸிஜன் போதாமல் போனால் கருவிழி வீங்கும். ஆகவே முதல் வாசல் மருத்துவமனைதான், அதில் சந்தேகமில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். பல இடங்களில் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் பார்ப்பார். போட்டுப் பார்க்கும் மாதிரி லென்ஸ்களான ட்ரையல் செட் ஒரே கம்பெனியுடையதாக இருக்கும். அதில் பொருந்தாவிட்டால் ‘உங்கள் கண்ணுக்கு லென்ஸ் சரிவராது’ என்று அனுப்பிவிடுவார்கள். சரிவராதது பெரும்பாலும் அந்த டிசைன்தான்.

இப்போது முக்கியமான விஷயம்: ஃபிட்டிங் ஒரே நாளில் முடிவதில்லை. ஸ்கிளீரல் லென்ஸையே எடுத்துக்கொள்வோம். அது கருவிழியைத் தொடாமல் வளைவாகத் தாண்டி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும். இடையில் சலைன் (உப்புநீர்க் கரைசல்) நிற்கும். போட்டவுடன் அந்த இடைவெளி 300 மைக்ரான் இருந்தால், சில மணி நேரத்தில் லென்ஸ் அமுங்கி ஏறக்குறைய 100 மைக்ரான் குறையும். இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு ‘பிரமாதம்’ என்று சொல்லும் ஃபிட்டர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். நாலைந்து மணி நேரம் போட்டிருந்த நிலையில் ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்) பார்க்க வேண்டும். ஓரத்தில் ரத்தக்குழாய் வெளுத்திருந்தால் அங்கே அழுத்துகிறது. கழற்றியபின் வெள்ளைப் பகுதியில் லேசாக வளையத் தடம் தெரிவதில் பயமில்லை. அந்தத் தடத்தில் ஃப்ளோரசீன் சாயம் பிடித்தால் விளிம்பு உறுத்துகிறது என்று அர்த்தம். மதியத்துக்குள் பார்வை புகைமூட்டமானால் அழுக்கு உள்ளே சேர்கிறது. பல சமயம் ஒரு பக்க விளிம்பு தூக்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். வெள்ளைப் பகுதி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளைவதில்லை என்பதால் விளிம்பை டோரிக்காக, அதாவது திசைக்குத் திசை வேறு வளைவாக, மாற்றச் சொல்ல வேண்டிவரும்.

ஆர்ஜிபி என்கிற, கருவிழி மேலேயே உட்காரும் சின்ன கெட்டி லென்ஸிலும் இதே கதைதான். கெரட்டோகோனஸ் கூம்பின் உச்சியில் லேசாகப் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அழுத்திப் படிந்தால் நாளடைவில் தழும்பு விழும். விளிம்பு தளர்ந்தால் லென்ஸ் தெறித்து விழும்.

ஆக, இரண்டு மூன்று முறை லென்ஸை மாற்றிச் செய்வது தோல்வி அல்ல, வேலையின் இயல்பே அது. அந்த மாற்றங்களை யார் பொறுமையாகச் செய்கிறார் என்பதில்தான் தனி கிளினிக் ஜெயிக்கிறது. போனிலேயே கேட்டுவிடலாம்: “எத்தனை வகை ட்ரையல் செட் வச்சிருக்கீங்க? சில மணி நேரம் போட வச்சுப் பார்ப்பீங்களா? மாத்திச் செய்யறது இந்தக் கட்டணத்துல அடங்குமா, எத்தனை நாளுக்குள்ள?” கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். போட, கழற்றக் கற்றுக்கொடுப்பவர் யார் என்பதும் முக்கியம். பிரிசர்வேடிவ் இல்லாத சலைனை விளிம்புவரை நிரப்பி, முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிந்து போடாவிட்டால் குமிழி சிக்கும். கழற்றும் ரப்பர் பிளஞ்சரை நடுவில் வைத்து இழுக்கக் கூடாது; ஓரத்தில் வைத்தால்தான் பிடிப்பு விடும். குழாய்த் தண்ணீர் எந்தக் கட்டத்திலும் லென்ஸில் படக் கூடாது. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரின் தொற்று விளையாட்டில்லை.

கண்ணின் அச்செடுத்தோ ஸ்கேன் செய்தோ செய்கிற லென்ஸ், வெள்ளைப் பகுதியில் மேடு இருப்பவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் அந்த வசதிக்காக மட்டுமே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அளவுக்கு என் அனுபவம் போதாது. குழந்தைகள் விஷயத்திலும் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மருத்துவமனைப் பக்கமே தட்டு தாழும்.

போவதற்கு முன் பழைய லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும்: சாஃப்ட் என்றால் ஒன்றிரண்டு வாரம், ஆர்ஜிபி என்றால் இன்னும் அதிகம். இல்லாவிட்டால் டோபோகிராஃபியில் (கருவிழி மேற்பரப்பின் வரைபடம்) லென்ஸ் அழுத்திய வடிவம்தான் வரும். லென்ஸ் இல்லாமல் நடமாடவே முடியாதென்றால், ஒரு கண் ஒரு கண்ணாக அளவெடுக்க முடியுமா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் பேஸ் கர்வ் (லென்ஸின் உள்பக்க வளைவு), விட்டம், பவர், மெட்டீரியல், விளிம்பு விவரம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் அடுத்த ஃபிட்டர் அங்கிருந்து தொடங்கலாம்.