பழைய நகைக்கு டச் பார்க்க தெற்காவணி மூல வீதி டெஸ்டிங் கடை: தாராளமாகப் போகலாம்

அம்மாவின் பழைய சங்கிலியைக் கொடுத்துப் புதுசு எடுக்கலாம் என்று ஒரு நகைக்கடைக்குப் போனால், உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு "85 டச்தான் வரும்" என்றார்கள். டச் என்றால் நூறு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பது. எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. சங்கிலியைத் திருப்பி வாங்கிக்கொண்டு மதுரை தெற்காவணி மூல வீதியில், மாடியில் இருக்கும் சின்ன டெஸ்டிங் கடைக்குப் போனேன். நகை மாற்றப் போகிறவர்கள் முதலில் இந்த மாதிரி இடத்துக்குத்தான் போக வேண்டும்.

எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கிறார்கள். உருக்க வேண்டாம், உரச வேண்டாம். கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய எக்ஸ்ரேயை வெளிவிடும், மெஷின் அதை அளந்து சதவீதமாகப் போட்டுவிடும். திரையை நம் பக்கம் திருப்பி வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணியில் தங்கம் 88.4, செம்பு 6.9, வெள்ளி 4.1, துத்தநாகம் 0.6. கொக்கிப் பக்கமும் பார்க்கச் சொன்னேன், அங்கே தங்கம் 86க்கு இறங்கி காட்மியம் 2 காட்டியது. அந்தக் காலத்து கேடிஎம் பற்றவைப்பு, அதில் 92 பங்கு தங்கமும் 8 பங்கு காட்மியமும் சேர்ப்பார்கள், காட்மியப் புகை ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால்தான் அதை விட்டார்கள். கொக்கி எடை கொஞ்சம்தான், மொத்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இப்போது கணக்கு. சங்கிலி 24.150 கிராம். 88.4 சதவீதம் என்றால் சுத்தத் தங்கம் 21.349 கிராம், நகைக்கடை சொன்ன 85க்கு 20.528 கிராம். வித்தியாசம் 821 மில்லிகிராம் சுத்தத் தங்கம், அதை 916 தங்கமாக, அதாவது 91.6 சதவீதத் தங்கமாக ஆக்கினால் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம். ஒரு வார்த்தையில் போயிருக்க வேண்டியது! டெஸ்டிங் கடை கொடுத்த சீட்டோடு வேறொரு நகைக்கடைக்குப் போனேன், 88 போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

டெஸ்டிங் கடைக் கவுண்டரில் இருந்த அண்ணன் பொறுமையாக இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். 10 கிராம் 916 வளையலையும் 4 கிராம் 18 கேரட் மோதிரத்தையும் சேர்த்து உருக்கினால் என்ன டச் வரும்? 91.6ஐயும் 75ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 83.3 என்று போட்டால் நமக்குத்தான் நஷ்டம். வளையலில் 9.16 கிராம், மோதிரத்தில் 3 கிராம், ஆக 14 கிராமில் 12.16 கிராம் தங்கம், டச் 86.86. சதவீதத்தைக் கூட்டக் கூடாது, கிராமைத்தான் கூட்டணும்.

குறையும் உண்டு. சீட்டில் எடை அச்சாகாது, கேட்டால்தான் பேனாவால் எழுதித் தருகிறார்கள். கட்டணப் பலகையும் இல்லை. முக்கியமான குறை, இந்த மெஷின் மேல்பரப்பில் சில மைக்ரான் ஆழம்தான் பார்க்கும், கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாந்துவிடும், அதை அவர்களாகவே சொல்ல வேண்டாமா? சந்தேகமான நகை என்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்குப் போய் உருக்கிப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். துளி சுரண்டி எடுத்து, ஈயத்தோடு உருக்கிச் செம்பைப் பிரித்து, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்து, மிஞ்சும் தங்கத்தை எடை போடுவார்கள். நம்பகமான முறை அதுதான்.

சனிக்கிழமை மாலை போகாதீர்கள், கல்யாண சீசனில் படிக்கட்டு வரை வரிசை நிற்கும். கல் வைத்த நகை என்றால் கல் எடையைக் கழித்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் சதவீதம் சரியாக இருந்தும் கிராம் தப்பாக வரும்.