ஒரு வாக்கியத்துக்குப் பதினேழு நாள்: விக்கிப்பீடியாவின் அரசியல் கட்டுரைகளோடு பன்னிரண்டு ஆண்டுகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் நான் கணக்குத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் குளங்கள், அணைகள், கால்வாய்கள் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சிப்பாறை அணையின் கொள்ளளவைக் குறித்து எவருக்கும் மனம் புண்பட்டதில்லை. எழுதியது எழுதியபடியே கிடந்தது. மூன்றாம் ஆண்டில், 1954ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய ஒரு பத்தியில் கைவைத்த பிறகுதான், இந்தக் கலைக்களஞ்சியம் எப்படி இயங்குகிறது என்பதை உண்மையில் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அரசியல் கட்டுரைகளில் எழும் தொகுத்தல் தகராறுகள் எவ்வாறு தீர்கின்றன, எங்கே தீராமல் நிற்கின்றன என்று அதன்பின் கண்டவற்றையே இங்கே பதிவு செய்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சற்றே பின்னணி சொல்ல வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதிகள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. தமிழர் மிகுந்த வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி உள்ளிட்டோரின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்த காலத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் இந்த நாட்களைப் பற்றி வீட்டுக்கு ஒரு கதை உண்டு. கதைக்கு ஒரு கணக்கும் உண்டு.

அந்தக் கணக்கில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒரு நூலின் அடிப்படையில் எழுதியிருந்தேன். மறுநாள் வேறொரு பயனர் அதை மாற்றி, ஒரு நினைவு மலரைச் சான்றாகக் கொடுத்திருந்தார். நினைவு மலர் ஒரு சான்றா என்ற எண்ணத்தில் ‘மீளமை’ என்னும் சொல்லை, அதாவது பிறர் செய்த மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கும் பொத்தானை, அழுத்தினேன்; அவர் என்னுடையதை மீளமைத்தார்; மாலைக்குள் ஆளுக்கு மூன்று முறை ஆகிவிட்டது. ஒரே பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைப்பவரைத் தடை செய்யலாம் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி. மூன்று முறை வரை உரிமை உண்டு என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்பதை அன்று நான் அறியவில்லை. ஒரு நிர்வாகி வந்து, நாங்கள் தொகுக்க முடியாதபடி பக்கத்தை ஒரு வாரத்துக்குப் பூட்டினார். பூட்டும்போது கட்டுரையில் நின்றது அவருடைய எண், என்னுடையது அன்று. நிர்வாகி கட்சி சேர்ந்துவிட்டார் என்று கொதித்தேன். பூட்டு என்பது தீர்ப்பன்று, அந்த நொடியில் எது இருந்ததோ அதன் மேல் விழுவது என்று புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. பூட்டு எப்போதும் தவறான பதிப்பின் மேல்தான் விழும் என்று பழைய பயனர்கள் கேலியாகச் சொல்வது சும்மா இல்லை. தகராறில் இருக்கும் இருவரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

கட்டுரையைப் பற்றிப் பயனர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் பதினேழு நாள் விவாதம் நடந்தது. முதல் பத்து நாட்களை அதில் சேர்க்கவே வேண்டியதில்லை. நான் அவரை உணர்ச்சிவசப்பட்டவர் என்றேன், அவர் என்னை வரலாறு தெரியாதவர் என்றார். பதினோராம் நாள் மூன்றாவதாக ஒருவர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் இருவரும் எண்ணுவது ஒரே நிகழ்ச்சியைத்தானா? என்னிடம் இருந்த நூல் ஆகஸ்ட் 11 அன்று நடந்ததை மட்டும் பேசியது. அவருடைய மலரோ 1948ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களையும் சேர்த்து, போராட்டக் காலம் முழுவதற்குமான பட்டியலைத் தந்திருந்தது. எண்ணிக்கை இரண்டாக இருந்ததற்குக் காரணம் பொய் அன்று, எல்லைக்கோடு. அதன்பின் ஆறு நாட்களில் வாக்கியம் அமைந்துவிட்டது: எந்த நூல், எந்தக் காலத்துக்கு, எத்தனை பேர் என்கிறது என்று பெயரிட்டுச் சொல்லும் வாக்கியம். அழகான வாக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டைக்கு இடம் கொடுக்காத வாக்கியம் பெரும்பாலும் அழகாக இருப்பதில்லை.

இந்த விவாதத்தில் என்னால் பயன்படுத்த முடியாத சான்று ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. என் தந்தையாருக்கு அப்போது பன்னிரண்டு வயது. புதுக்கடைச் சந்தையிலிருந்து ஓடி வந்தவர். அவர் சொன்னதைக் கட்டுரையில் சேர்த்தால் அது ‘சொந்த ஆய்வு’ ஆகும். அச்சில் வெளிவந்த, பிறர் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் வேண்டும். இந்த விதி நியாயமானது என்று அறிவு ஒப்புக்கொள்கிறது. எதிர்த் தரப்பாருக்கும் ஒரு தந்தையார் இருந்திருப்பார் அல்லவா? ஆயினும் கண்ணால் கண்டவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நூலகத்தில் அடிக்குறிப்பு தேடிய நாட்களின் உறுத்தல் இன்னும் போகவில்லை.

எண்களைவிடச் சொற்களால் எழும் தகராறே அதிகம். ‘இறந்தனர்’, ‘உயிர்நீத்தனர்’, ‘தியாகிகளாயினர்’ என்ற மூன்றுக்கும் இடையே ஒரு கட்சியின் தூரம் இருக்கிறது. ‘தாய்த் தமிழகத்துடன் இணைந்தது’ என்று எழுதுவோர் பலர். 1956இல் தமிழ்நாடு என்ற பெயரில் ஒரு மாநிலம் இல்லை, அப்பெயர் 1969 ஜனவரியில்தான் சட்டப்படி வந்தது என்பதால், ‘சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது’ என்பதே பொருத்தம் என்று நான் வாதிட்டு வந்திருக்கிறேன். தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. புகுபதிகை செய்யாத, அதாவது கணக்கில் நுழையாத, ஒருவர் ஒரு நாள் கட்டுரை முழுவதும் ஏறி இறங்கி, பட்டம் தாணுப்பிள்ளைக்கு வரும் வினைமுற்றுகளை மட்டும் ‘ஆர்’ விகுதியிலிருந்து ‘ஆன்’ விகுதிக்கு மாற்றிவிட்டுப் போனார். ஒரு தகவலும் மாறவில்லை; ஆனால் கட்டுரை கட்சி மாறிவிட்டது. நடுநிலை நோக்கு என்னும் கொள்கையை மற்ற மொழியினர் பெயரடைகளில் தேடலாம்; நாம் வினைமுற்றின் கடைசி எழுத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

வாழ்க்கை வரலாறுகளில் எனக்குக் கைகொடுத்தது கால வரிசை. தாணுலிங்க நாடார் போன்ற ஒருவரைப் பற்றி எழுதும்போது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவர் என்று தொடங்குவதா, பிற்காலத்தில் இந்து முன்னணியின் தலைவராக இருந்தவர் என்று தொடங்குவதா என்பது அடையாளம் பற்றிய சண்டையாகவே முடியும். ஆண்டு வரிசையில் வைத்துவிட்டால், முன்னும் பின்னும் வைத்ததற்கு யாரும் யாரையும் குறை சொல்ல வழியில்லை. தேர்தல் காலக் குழப்பங்கள் எளியவை. வாக்கு எண்ணிக்கை முடியும் முன்பே வெற்றி பெற்றவர் பெயரைப் போடுவார்கள், புதிய பயனர்கள் தொகுக்க முடியாதபடி சில நாட்கள் பக்கத்தைக் காத்தால் அடங்கிவிடும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இத்தகைய பூசல்களுக்கென்றே பல படிகள் உள்ளன: இருவருக்கு இடையிலான வழக்குக்கு மூன்றாம் கருத்துக் கேட்பது, பலரையும் அழைத்துக் கருத்துக் கேட்பது, முடிவில் நடுவர் குழு. இந்தியா, பாகிஸ்தான் தொடர்பான பக்கங்களை அங்கே சர்ச்சைக்குரிய தலைப்புகளாக வகைப்படுத்தி, நிர்வாகிகளுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். சில பக்கங்களைத் தொகுக்கக் கணக்கு முப்பது நாள் பழையதாகவும் ஐந்நூறு தொகுப்புகள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். நம்மிடம் நடுவர் குழு கிடையாது, ஆலமரத்தடி உண்டு. பெயருக்கேற்பப் பொது விவகாரங்களைப் பேசும் பக்கம் அது. பத்துப் பதினைந்து பேர் தொடர்ந்து வந்து போகும் இடத்தில் தீர்ப்பைவிடச் சமாதானமே எளிதாகக் கிடைக்கிறது. நேரமும் பொறுமையும் அதிகம் உள்ளவர் பக்கமே பெரும்பாலும் அந்தச் சமாதானம் சாய்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. எங்கள் மாவட்டத்தில் ஒருவர் பெயரைக் கேட்டாலே மதம் தெரியும்; அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துக் கேட்டால் சாதியும் சபையும் தெரிந்துவிடும்; அதற்குப் பிறகு அவர் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்வதை யாரும் எண்ணிக்கையாகக் கேட்பதில்லை. என்னோடு பதினேழு நாள் வாதிட்டவர் புனைபெயரில் இருந்தார். அவர் குழித்துறைக்காரரா, கொல்லத்தில் குடியேறியவரா, எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்பதெல்லாம் இன்றுவரை எனக்குத் தெரியாது. நேரில் தேநீர்க் கடையில் சந்தித்திருந்தால் அந்த உரையாடல் இரண்டாம் நாளே முறிந்திருக்கும்.

ஆனால் பெயர் தெரியாமல் இருப்பது எல்லா இடத்திலும் உதவவில்லை. இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே 1982ஆம் ஆண்டு நடந்த மண்டைக்காடு கலவரம் குறித்த பகுதியில் நான் தோற்றுப்போனேன். அங்கே முதல் கல்லை யார் எறிந்தார் என்பதிலிருந்தே தகராறு தொடங்குகிறது. கலவரத்தை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையத்தின் அறிக்கையைச் சான்றாக வைத்தால், அந்த ஆணையத்தையே ஏற்காதவர் எதிரே நிற்கிறார். ‘ஆணையம் இவ்வாறு கூறியது’ என்று எழுதுவதுதான் முறை என்றாலும், எந்த வரியை எடுத்து எதை விடுவது என்பதில் மறுபடியும் தொடக்கத்துக்கே வந்து நின்றோம். அக்காலச் செய்தித்தாள்களைத் தேடப் பலமுறை நூலகங்களுக்கு அலைந்தேன். வேண்டிய நாளின் இதழ் வேண்டிய நேரத்தில் கிடைத்ததில்லை. எதிர்த் தரப்பில் கையில் வெட்டுத்துண்டு வைத்திருந்தவர் சொன்னதே நின்றது. நான்கு மாதங்களுக்குப் பிறகு அந்தப் பக்கத்தை என் கவனிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். தவறு என்று தெரிந்தே செய்தேன், உறக்கம் கெட்டுக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் 1956ஆம் ஆண்டு இணைப்பைப் பற்றிய பத்தியில் யாரோ ஒருவர் ‘சென்னை மாநிலம்’ என்பதை மீண்டும் ‘தமிழ்நாடு’ என்று மாற்றியிருந்தார். முன்பென்றால் அடுத்த நொடியே மீளமைத்திருப்பேன். இம்முறை பேச்சுப் பக்கத்தில் 1969ஆம் ஆண்டுப் பெயர் மாற்றத்தைக் குறிப்பிட்டு, ‘சென்னை மாநிலம் (இன்றைய தமிழ்நாடு)’ என்று எழுதலாமா என்று கேட்டு, விக்கிப்பீடியா வழக்கப்படி நான்கு அலைக்குறியிட்டுக் (~~~~) கையொப்பமிட்டேன். இன்றோடு நான்காம் நாள். பதில் இன்னும் வரவில்லை.