இன்னும் வேண்டுமா, இது போதுமா?

மேலே மேலே போய்க்கொண்டே இருப்பதா, இருப்பதோடு நிறுத்திக்கொள்வதா என்று தடுமாறுபவர்களுக்காக இந்த ஒப்பீடு.

விலை
இன்னும்: தூக்கம், வீட்டாரோடு பேசும் நேரம், சில சமயம் முதுகு.
போதும்: கைநழுவும் வாய்ப்புகள். அப்புறம் சொந்தக்காரர்களின் ஏளனம். இது சின்ன விலை இல்லை.

நீடிப்பு
இன்னும்: பெரிய ஓட்டை இங்கேதான். சம்பள உயர்வுக் கடிதத்தை முதல் நாள் நாலு தடவை திறந்து பார்ப்போம். சில மாதங்களில் அது வெறும் சம்பளமாகிவிடும். மனம் பெரும்பாலானவற்றுக்குப் பழகிப்போகிறது. உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழுவினர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் மகிழ்ச்சி இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு போன்ற சின்னச் சுகங்கள்கூட அவர்களுக்குக் குறைவாகவே ருசித்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உறைக்கிறது.
போதும்: நீடிக்கும், அடிப்படைத் தேவைகள் தீர்ந்திருந்தால். கடன்காரர் வாசலில் நிற்கும்போது மனநிறைவைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு.

எளிமை
இரண்டுமே கஷ்டம்.

சரி, யாருக்கு எது? வாடகைக்கே திண்டாடுபவரும், ஒரு தொழிலையோ கலையையோ கற்றுத் தேற நினைப்பவரும் தாராளமாக ‘இன்னும்’ பக்கம் போகலாம். கற்பதில் வரும் சந்தோஷம் பரிசுக்காகக் காத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தே இலக்கை மாற்றுபவருக்கு எவ்வளவு வந்தாலும் பற்றாது. அவர் ‘போதும்’ என்பதற்கான தொகையை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.